புழு மனைக்குள் வைத்த லேப்டாப்

லேப்டாப்பைப் புழு மனைக்குள் கொண்டுபோய் வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் வீட்டுக்காரர் வீரமணி முந்திக்கொண்டு சொல்வார். அவர் சொல்லும் கதையில் பாதிப் பழி என் மேலும் மீதிப் பழி கடைக்காரர் மேலும் விழும். அவருக்கு லேப்டாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

பாப்பாரப்பட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் மல்பெரி, வீட்டுக்குப் பின்னால் பட்டுப்புழு வளர்க்கிற நீளமான கொட்டகை. அதைத்தான் புழு மனை என்போம். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் எத்தனை லட்சம் புழுவுக்குத் தழை போட்டிருப்பேன் என்று நினைத்தாலே தலை சுற்றும். ஆனால் யாராவது போன் செய்து நிர்மலா என்ன செய்கிறாள் என்று கேட்டால் வீரமணியிடம் ஒரே பதில்தான் இருக்கும்.

"வூட்டுல சும்மாதாங்க இருக்கா."

எனக்கு உடம்பெல்லாம் எரியும். விடியற்காலையில் தழை வெட்டி, சுமந்து, அடுக்கடுக்காகப் போட்டு, குப்பை எடுத்து, நடுவில் சோறாக்கி, அதற்குப் பேர் சும்மா. சண்டை போட்டுப் பார்த்தேன். "பேச்சுக்குச் சொல்றதுதானே, அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?" என்பார். மனுசன் கெட்டவர் இல்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த பெங்களூர் வேலை எனக்கு வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் போனில் பேசுவதைக் கணினி தானாக எழுத்தில் எழுதுமாம். அது எழுதுகிற லட்சணத்தைக் கேட்டுக் கேட்டுத் திருத்த ஆள் தேவை. தமிழும் கன்னடமும் காதில் விழுந்த மாத்திரத்தில் புரிய வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். என் பிறந்த வீடு கர்நாடக எல்லையோரம். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், அப்புறம் தபால் வழியில் ஒரு பி.காம். விளம்பரத்தைப் படித்தபோது, அட, நம்மைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்பெனியிலிருந்து சோபனா என்ற பெண் பேசினாள். ஒரே ஒரு தேர்வு. இரண்டு வாரம் கழித்து வருகிற புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை. கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். என்னைத் தவிர இன்னொரு குரல் கேட்டால் எச்சரிக்கை வரும், மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு மூடிக்கொள்ளும். நடுவில் லேப்டாப் அணைந்தாலும் அதோடு முடிந்தது.

"மறுபடி எழுத ஆறு மாசம் ஆகும் மேடம். லேப்டாப் நல்ல கண்டிஷன்ல இருக்கில்ல?"

"புத்தம் புதுசுங்க" என்றேன். போன முறை பட்டுக்கூடு விற்ற காசில் தர்மபுரியில் வாங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. என் பேரில் ரசீது போட்ட முதல் பொருள்.

புத்தம் புதுசு என்ன பாடு படுத்தியது என்று சோபனாவிடம் சொல்லவில்லை. முதல் நாள் திறந்ததும் ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டது. எந்த நாடு, என்ன மொழி, எந்த நேரம். இன்டர்நெட் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்கு நகரமாட்டேன் என்று நின்றது. போனிலிருந்து கொடுத்தேன். முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். மறுநாள் தழை வெட்டிவிட்டுத் தலையில் முண்டாசும் மூக்கில் துணியுமாக வந்து திறந்தால் நான் யாரோவாம். திரும்பத் திரும்ப யார் யார் என்று கேட்கிறது. முண்டாசை அவிழ்த்து, கூந்தலைச் சரிசெய்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருவது போல உட்கார்ந்த பிறகுதான் வழிவிட்டது.

அடுத்து பேட்டரி. எண்பதுக்கு மேல் ஏறவே இல்லை. வீரமணிக்கு அது போதும், கடைக்குப் போன் போட்டுவிட்டார்.

"என்னாங்க இது, நூறு ஏறுற பேட்டரிய எடுத்துகிட்டு எண்பது ஏறுறதப் போட்டுக் குடுத்திருக்கீங்க? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?"

எதிர்முனையில் பேசிய ஆரோக்கியராஜ் அந்தக் கடையில் சர்வீஸ் பார்ப்பவர். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தார். இவர் கேட்டால்தானே? நான் அதற்குள் செட்டிங்ஸில் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். பேட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்க எண்பதிலேயே நிறுத்துகிறார்கள். வேண்டுமென்றால் நூறாக மாற்றிக்கொள்ளலாம். போனைப் பிடுங்கி, "சரியாப் போச்சுங்க, வெச்சிருங்க" என்றேன். வீரமணி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. எனக்கு வேலை ஓடியது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை சூடு. அக்கினி நட்சத்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, அதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் வீடு கான்கிரீட் தளம். மத்தியானம் மேலே தோசை ஊற்றலாம். லேப்டாப் உள்ளே இருக்கிற காற்றாடி சர்ரென்று கத்தும், அடிப்பக்கம் தொட முடியாது. முதல் இரண்டு நாள் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்ததால் அந்தச் சூடு என்று தெரிந்துகொண்டேன். கட்டில் மெத்தையில் வைத்து வேலை செய்ததும் தப்பு, பஞ்சு மேல் வைத்தால் காற்று எப்படிப் போகும்? எல்லாம் சரிசெய்தேன். ஆனாலும் வீட்டுச் சூடு வீட்டுச் சூடுதான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இப்போது நினைத்தால் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் நிலத்திலேயே குளிர்ச்சியான இடம் புழு மனைதான். ஜன்னலுக்கு ஜன்னல் ஈரச் சாக்கு தொங்கும், கூரைக்கு மேல் தென்னங்கீற்று, சுவரில் தெர்மாமீட்டர். வெளியே முப்பத்தொன்பது என்றால் உள்ளே இருபத்தாறு. புழுவுக்கு ஒரு டிகிரி ஏறினாலும் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். அதை விடப் பெரிய சௌகரியம் இன்னொன்று உண்டு. அங்கே யாரும் வரமாட்டார்கள். வாசற்படியில் சுண்ணாம்புத் தூளால் வெள்ளைக் கோடு போட்டிருப்போம், பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர்த் தட்டு. அதில் கால் நனைத்து, எங்கள் செருப்பு மாட்டிக்கொண்டு, வீட்டு ஆள் மட்டும்தான் தாண்டலாம். புழுவுக்கு நோய் எந்தக் காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்? ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூடக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

வீடு அப்படியா? வீடு பொதுவழி. தண்ணி கேட்டு ஒருத்தர், மோட்டார் சாவி கேட்டு ஒருத்தர். அதிலும் வீரமணியின் பெரியப்பா தீர்த்தகிரி காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தால் செருப்பை வாசலில் விடும்போதே அவர் குரல் அடுப்படிக்கு வந்துவிடும். நல்ல மனுசர்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடமும் காட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவது மாதிரிதான் பேசுவார். லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "பொம்பளைக்கு எதுக்குடா இந்தப் பொட்டி?" என்று கேட்டது ஊர் முழுக்கக் கேட்டது.

ஆகவே லேப்டாப் புழு மனைக்குள் போனது. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அதன் மேல் அது, எதிரே நான். சுற்றிலும் புழுக்கள் தழை தின்றுகொண்டிருந்தன. சொர்க்கம்தான், போங்கள். சோபனா ஒரு நாள் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டாள்.

"மேடம், அங்க மழையா? பின்னாடி சத்தமா கேக்குது."

"மழை இல்லீங்க, புழு திங்குது" என்றேன்.

மைக்கில் பின்சத்தம் குறைக்கிற வசதியைப் போட்டதும் அதுவும் சரியானது. எனக்குத் திமிர் ஏறிவிட்டது. புது மிஷின் என்ன, எதைக் கொடுத்தாலும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

நாள் ஆக ஆக லேப்டாப் சூடு கூடியது. அறை இருபத்தாறு. தெர்மாமீட்டரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், இருபத்தாறேதான். வீட்டுச் சூட்டில் வைத்திருந்தபோதுகூட இவ்வளவு கத்தவில்லை, இப்போது குளிர்ச்சியில் உட்கார்ந்துகொண்டு கத்துகிறது. திங்கட்கிழமை காலை மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். கர்ர்ர் என்று ஒரு சத்தம். திரை கறுப்பாகிவிட்டது.

அடியில் கைவைத்தேன், சுட்டது. நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது. புதன்கிழமை இப்படி ஆனால் ஆறு மாதம். ஆறு மாதத்துக்கு அப்புறம் அவர்களுக்கு ஆள் தேவைப்படுமா, யார் கண்டது? அழுகை வந்தது, அதை விட அதிகமாகக் கோபம் வந்தது.

வீரமணி வந்து எட்டிப் பார்த்தார். "ஈரச் சாக்க மடிச்சி அடியில போட்டா என்னா? புழுவுக்கே அதானே பண்றோம்."

"போட்டா அப்புறம் லேப்டாப்புல தழதான் போடணும். போயி வேலயப் பாருங்க."

ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, சூடு வெளிய போற வழி அடச்சிருக்கும். ஃபேன்ல தூசி ஏறியிருக்குதுன்னு நெனக்கிறேன்."

"தூசியா? என் எடத்துலயா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒவ்வொரு புழுப் பயிருக்கும் செவுரு தரையெல்லாம் மருந்தடிச்சிக் கழுவி வெச்சிருக்கிறோம். உங்க கடையில ஒட்டடை தொங்குது, நான் பாத்தனே. எனக்குத் தூசின்னு சொல்லாதீங்க."

"சரிங்கக்கா. அப்ப கொண்டாந்து குடுங்க, நாலு நாள்ல பாத்துத் தர்றேன்."

நாலு நாள்! போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயந்திரம், தழை போட்டு முடித்துவிட்டு, லேப்டாப்பைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். அடியில் நீளமாகச் சல்லடை மாதிரி ஓட்டைகள். அதன் ஓரமெல்லாம் வெள்ளை. வெற்றிலை டப்பா மூடியில் காய்ந்து போயிருக்குமே, அந்த மாதிரி. நகத்தால் சுரண்டினேன், பொருக்காக வந்தது. அதை நாக்கு நுனியில் வைத்தேன். சுருக்கென்றது.

சுண்ணாம்பு.

இதைப் புழு வளர்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். புழு வளரும்போது நான்கு முறை தோலுரிக்கும். அப்போது தின்னாது, அசையாது, படுக்கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அதற்காகச் சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியில் முடிந்து அடுக்கு மேல் தட்டித் தட்டித் தூவுவோம். மனை முழுக்கப் புகை மாதிரி நிற்கும். இந்தப் பயிரில், ஒரு முறை புழு விட்டு எடுப்பதை அப்படித்தான் சொல்வோம், இரண்டு முறை தூவினேன். தூவும்போது லேப்டாப் மேல் துண்டு போட்டு மூடினேன், அதையும் சொல்கிறேன். ஆனால் அணைக்கவில்லை. ஏதோ புதுப்பித்துக்கொண்டிருந்தது, ஓடட்டும் என்று விட்டேன். அது கீழ்ப்பக்கமாக மூச்சு இழுக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இழுத்த சுண்ணாம்பு ஈரக்காற்றில் பட்டு உள்ளே பூச்சுப் பூசின மாதிரி பிடித்துக்கொண்டது.

ஆரோக்கியராஜ் தூசி என்று சொன்னபோது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஏனென்றால் எங்கள் கணக்கில் சுண்ணாம்பு அழுக்கு இல்லை. சுத்தம் செய்வதே அதுதான். சுவருக்கு அடிப்பது, படுக்கைக்குத் தூவுவது, வாசலில் கோடு போடுவது. சுத்தம் எப்படி அழுக்காகும்? ஆகியிருந்தது. என் கையாலேயே செய்திருந்தேன்.

மறுபடி போன் போட்டேன். தப்பை ஒத்துக்கொள்வது எனக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"சுண்ணாம்புங்க. நான்தான் தூவுனேன். நீங்க சொன்னது சரி. உங்க கடை ஒட்டடைய சொன்னது தப்பு. இல்ல, ஒட்டடை இருக்குது, ஆனா சொன்னது தப்பு."

ஆரோக்கியராஜ் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற வீரமணிக்கே கேட்டது. "நீங்களே தொறக்கிறீங்களாக்கா? தொறந்தா வாரண்டி போனாலும் போவும். சொல்லிட்டேன்."

"போனா போவட்டும். புதன்கெழம போனா திரும்பி வராது."

மறுநாள் காலை வீடியோ காலில் அவர் சொல்லச் சொல்ல நான் திறந்தேன். முதலில் முழுசாக அணைக்க வேண்டும், சார்ஜர் வயரைப் பிடுங்க வேண்டும். பத்துத் திருகாணி, அதில் இரண்டு மட்டும் குட்டை. எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் ஒரு தாம்பாளத்தில் வைத்தேன். மூடியைத் தூக்கியதும் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். காற்றாடி இருந்தது. ஐயோ பாவம், இறக்கை ஒவ்வொன்றும் வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

"தண்ணி தொடாதீங்கக்கா. வாயால ஊதாதீங்க, எச்சி ஈரம் படும். மெதுவான பிரஷ் ஏதாச்சும் இருக்குதா?"

பிரஷ் எங்கே போவது? பெயின்ட் பிரஷ் முரடு, பல் பிரஷ் அதை விட முரடு. சட்டென்று எழுந்துபோய்ப் புழு மனையில் செருகி வைத்திருந்த கோழி இறகை எடுத்து வந்தேன். முன்பெல்லாம் முட்டை வாங்கி நாங்களே பொரிக்க வைப்போம், இப்போதுதான் இரண்டு முறை தோலுரித்த புழுவாக வாங்குகிறோம். பொரிந்த புழு எறும்பை விடச் சின்னது, கை பட்டால் செத்துவிடும். இறகால்தான் தள்ளித் தள்ளித் தழைக்கு மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான உயிரை ஒன்றுகூட நசுங்காமல் தள்ளிய கை இது. ஒரு காற்றாடிக்கா பயப்படும்?

ஒரு விரலால் காற்றாடி சுற்றாமல் பிடித்துக்கொண்டு, இறக்கை இறக்கையாக, இண்டு இடுக்கெல்லாம் இறகை விட்டுத் தட்டினேன். வெள்ளைப் பொருக்கு தாம்பாளத்தில் உதிர்ந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. வீரமணி என் தோளுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். மூடித் திருகி, பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது. காற்றாடி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி.

"அக்கா, எங்க கடைக்கு வேலைக்கு வர்றீங்களா?" என்றார் ஆரோக்கியராஜ்.

"மொதல்ல ஒட்டடை அடிங்க" என்றேன்.

ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. புழு மனைக்குள் இனி உட்கார முடியாது. வீட்டுக்குள்தான் உட்கார வேண்டும். சூடு ஒரு பிரச்சினையே இல்லை. குளிர்ச்சி மட்டும் போதாது, காற்று ஓட வேண்டும் என்று புழுவுக்குத் தெரிந்த பாடம்தான் இதற்கும். முன்னறையில் இரண்டு ஜன்னலுக்கும் நேராக மேசையைப் போட்டேன். தண்ணி பாட்டில் மூடி நாலு எடுத்து லேப்டாப்பின் நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்தேன், அடியில் காற்று நுழையட்டும் என்று. லேப்டாப் ஓடும் வேகத்தை முழுசிலிருந்து நடுவாந்தரமாக மாற்றினேன். பேட்டரியை நூறு வரை ஏறவிட்டேன். எங்கள் ஊர் கரண்ட்டை எனக்குத் தெரியாதா?

பிரச்சினை ஆட்கள். அந்த முன்னறைதான் ஊரின் பொதுவழி. மூன்று முறை வேறு குரல் கேட்டால் தேர்வு காலி. ராத்திரிச் சாப்பாட்டின்போது வீரமணியிடம் சொன்னேன்.

"நாளைக்கு ஒம்போதுலருந்து பதினொன்னர வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாதுங்க."

"வூடுன்னு இருந்தா ஆளு வராம எப்படி இருப்பாங்க? வர்றவங்ககிட்ட என்னான்னு சொல்றது? எம் பொண்டாட்டி பொட்டியோட உக்காந்திருக்குதுன்னா?"

பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பதினான்கு வருடம் புழுவுக்கு மரியாதை கொடுத்த வீடு. எனக்கு இரண்டரை மணி நேரம் கொடுக்க இவ்வளவு கேள்வி.

புதன்கிழமை காலை எட்டரைக்கு, தழை போட்டுவிட்டுக் குளித்தேன். புழு மனைக்குப் போய்ச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்தேன். லேப்டாப்பை அணைத்து உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இந்த முறை மறக்கவில்லை, எங்கள் வீட்டு வாசற்படியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு இழுத்தேன். பளிச்சென்று, நேராக. பக்கத்தில் தண்ணீர்த் தட்டையும் வைத்தேன்.

வீரமணி புழு மனையிலிருந்து வந்தார். பழக்கதோஷம், கால் கோட்டுக்கு முன்னால் தானாக நின்றுவிட்டது. குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வூட்டுக்கு எதுக்குடி கோடு? உள்ள என்னா இருக்குது?"

"நான் இருக்கிறேன்."

உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து மேசை முன்னால் உட்கார்ந்தேன். அவர் செருப்புச் சத்தம் பின்பக்கம் போனது. கோட்டைத் தாண்டவில்லை.

ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டினேன், தேர்வு தொடங்கியது. முதல் குரல் யாரோ ஒரு அம்மா, மதுரைப் பக்கத்துத் தமிழ், சிலிண்டர் வரவில்லை என்று சண்டை. அடுத்தது மாண்டியா கன்னடம். கணினி எழுதி வைத்திருந்ததைப் பார்த்தால் சிரிப்பு வந்தது, கை பாட்டுக்குத் திருத்திக்கொண்டே போனது. ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது. மேலே ஃபேன் நின்றது. நான் நிமிரக்கூட இல்லை. இன்டர்நெட் போனிலிருந்து, பேட்டரி நூறு. முதுகில் வியர்வை ஓடியது, ஓடட்டும். பத்து மணி, பத்தரை. லேப்டாப்பின் பக்கவாட்டில் கைவைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். காற்றாடி முனகாமல் தன் வேலையைப் பார்த்தது, நான் என் வேலையைப் பார்த்தேன். மனசுக்குள் ஒரு பயமும் இல்லை. இது என் வேலை என்று மட்டும் தெரிந்தது.

பத்தே முக்காலுக்கு அந்தக் குரல் வந்தது.

"ஏ வீரமணீ! எங்கடா எல்லாரும்?"

தீர்த்தகிரி பெரியப்பா. திரையில் மஞ்சளாக ஒரு பெட்டி எழுந்தது. வேறொரு குரல் கேட்கிறது, முதல் எச்சரிக்கை. என் விரல் நின்றது. எழுந்து போகவும் முடியாது, கேமரா பார்க்கிறது. வாயைத் திறக்கவும் முடியாது. செருப்புச் சத்தம் வாசல் வரை வந்து, டக்கென்று நின்றது.

"என்னடா இது, வூட்டு வாசல்ல சுண்ணாம்பு? புழுவ உள்ள கொண்டாந்துட்டீங்களா?"

இரண்டாவது மஞ்சள் பெட்டி. இன்னும் ஒன்று, அவ்வளவுதான். அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை. பின்பக்கமிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. "ம்" என்று அமுங்கிப் போன ஒரு சத்தம், மஞ்சள் பெட்டி வருகிற அளவுக்குக்கூட இல்லை. அப்புறம் இரண்டு ஜோடிக் கால்கள் புங்க மரத்துப் பக்கம் போயின. நான் கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து கேட்க ஆரம்பித்தேன்.

பதினொன்று இருபத்தெட்டுக்குக் கடைசிக் குரலையும் திருத்தி அனுப்பினேன். தேர்வு நிறைவடைந்தது என்று திரை சொன்னது. பேட்டரியில் பதினான்கு இருந்தது. எண்பதோடு விட்டிருந்தால் இந்நேரம் அணைந்திருக்கும். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலுக்கு வந்தேன்.

மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். முன்னால் மோர்ச் சொம்பு. அவருடைய பெரிய கறுப்பு மீசையில் ஒரு பக்கம் வெள்ளை. கன்னத்தில் நாலு விரல் பதிந்த மாதிரி வெள்ளை. பக்கத்தில் வீரமணி, சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். புழு மனையில் ஈரமான படுக்கைக்குச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

"என்னம்மா, முடிஞ்சிதா?" பெரியப்பா குரலை இறக்கித்தான் கேட்டார். அந்தத் தொண்டையில் அவ்வளவு சின்னக் குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "எம் வயசுக்கு எவனும் எம் வாயப் பொத்துனதில்ல. உம் புருசன் பொத்திட்டான். நாயி, காதுல வேற சொல்றான், 'சத்தம் போடாதீங்க பெரீப்பா, எஞ் சம்சாரம் டூட்டியில இருக்குது'ன்னு."

எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. சொம்பைக் கையில் எடுத்தேன்.

"மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா பெரீப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலை, தினமும் காலை ஒன்பது மணிக்கு. வீரமணி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "சரி, தழ வெட்ட ஒரு ஆளுக்குச் சொல்லிடறன்" என்று எழுந்து போனார்.

திங்கட்கிழமை எட்டரைக்குக் குளித்துவிட்டு, சுண்ணாம்பு டப்பாவைத் தேடினேன். புழு மனையில் இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், புதன்கிழமை போட்ட கோடு ஆள் மிதித்து அழிந்திருந்த இடத்தில் புதுக் கோடு ஒன்று இருந்தது. ஒரு ஓரம் தடிமன், ஒரு ஓரம் மெல்லிசு, நடுவில் கோணிக்கொண்டு போனது. மனுசனுக்கு எந்தக் காலத்தில் நேராகக் கோடு போட வந்திருக்கிறது? திருத்தலாம் என்று குனிந்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.